அப்பாவின் தேர்தல் கொப்பிகள்: எப்படிப் பேணுவது, எப்படித் தொடர்ந்து எழுதுவது?

உவர்மலை

வணக்கம். அப்பா விட்டுப்போனது ஒரு ட்றங்குப் பெட்டியும் இரண்டு கடதாசிப் பெட்டிகளும். தேர்தல் முடிவுகள் எழுதிய கொப்பிகள் 11, சணல் கயிற்றால் கட்டிய பேப்பர் வெட்டுத்துண்டுகள், துண்டுப் பிரசுரங்கள், றேடியோச் செய்தி பதிந்த கசற்றுகள் 6. பழைய துண்டுகளில் சில சுதந்திரன், மிச்சம் வீரகேசரி, தினகரன், தினக்குரல்.

கொப்பிகளில் ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு நிரல். முதல் நிரல் பென்சிலில், வாக்களிப்புக்கு முந்தின நாள் அவர் எதிர்பார்த்தது. இரண்டாவது மையில், றேடியோவில் சொன்ன முடிவு. அதை அதே முறையில் நான் தொடர்ந்து எழுத வேண்டும். கேட்க வேண்டியவை:

கடதாசியை எப்படிக் காப்பாற்றுவது? ஆசனக் கணக்கை எப்படிப் போடுவது? பிறகு, எனக்கு விளங்காத குறிப்புகள் நான்கு: “77 ஆடி 21”, “82 விளக்கு / குடம்”, “2010 கு.பி. 20க்குப் பிறகு”. நான்காவது, 2004ஆம் ஆண்டுப் பக்கத்தில் திருகோணமலை, மூதூர், சேருவில மூன்று தொகுதியையும் கூட்டினால் அவர் எழுதிய மாவட்ட மொத்தம் வரவில்லை, குறைகிறது. கூட்டலில் பிழை விடுகிற ஆள் இல்லை அவர்.

பழங்கடதாசி

கடதாசி வேலையை மட்டும் நான் சொல்கிறேன், கணக்குக்கு ஆட்கள் வருவார்கள்.

முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். ஒவ்வொரு கட்டும் இப்போது இருக்கிற கோலத்தில் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் படம் எடுங்கள். ஒரு கட்டுக்குள் எதையெல்லாம் சேர்த்துக் கட்டினார் என்பது அவருடைய எண்ணம். 1956 துண்டுக்கு அடியில் 1977 துண்டு இருந்தால் அது தற்செயலாக இருக்காது. திகதிப்படி அடுக்குகிறேன் என்று கலைத்துவிட்டால் அந்தத் தொடர்பு திரும்பக் கிடைக்காது. கட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, உள்ளே இருக்கும் துண்டுக்கு 3/14 என்பதுபோல எண் கொடுங்கள். எண்ணை உறையில் எழுதுங்கள், துண்டில் அல்ல. பென்சிலால் மட்டும்.

அடுத்தது காலம் பார்ப்பது. வாடைக் காலத்தில், அதாவது ஐப்பசி தொடங்கி தை வரைக்கும், திருகோணமலையில் பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் வரும். கச்சான் காற்று வீசும் காலத்தில் அதற்கு எதிரான சிக்கல்: காற்று வறண்டு, பழைய பேப்பர் மடித்த இடத்தில் அப்பளம்போல உடையும். பேப்பர் அடிக்கிற கடதாசி மரக்கூழில் செய்வது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி அமிலமாகிறது, நார் அறுகிறது. ஆகவே கச்சான் காலத்தில் வேலை செய்யுங்கள், மடிப்பை மட்டும் உலர்ந்தபடி விரிக்க வேண்டாம்.

விரிக்கும் முறை: மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று. அடியில் ஒரு கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்த துணி. மேலே கம்பி வலைத் தட்டு, அதன்மேல் மடித்த துண்டு. தண்ணீர் கடதாசியில் படக்கூடாது, ஈரக் காற்று மட்டும் படவேண்டும். மூடி 3 அல்லது 4 மணித்தியாலம். பிறகு எடுத்து மெதுவாக விரித்து, மேலும் கீழும் வெள்ளைக் கடதாசி வைத்து, பலகையும் பாரமும் ஏற்றி இரண்டு நாள். இரவு முழுக்கப் பெட்டிக்குள் விடாதீர்கள். பேனா மையால் எழுதிய கொப்பித் தாளுக்கு இந்த வேலையே வேண்டாம், மை பரவும்.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி எல்லாம் கழற்றப்பட வேண்டும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் துரு கடதாசியைத் துளைத்தே விடும். இழுக்கக்கூடாது. துருவுக்கும் கடதாசிக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டைச் செருகி, கம்பியின் இரண்டு கால்களையும் நிமிர்த்தி, பின்புறமாக எடுங்கள். பழைய செலோட்டேப் ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம். அதைப் பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

பூச்சிக்குக் குளிர் நல்ல மருந்து. துண்டுகளைத் தட்டையாக அடுக்கி, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் காற்றை அமுக்கி எடுத்து இறுக்கி மூடி, வீட்டு டீப் ஃப்ரீசரில் (சைபருக்குக் கீழே 18 பாகை இருக்க வேண்டும்) இரண்டு கிழமை. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் 24 மணித்தியாலம் விடுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த கடதாசியில் வேர்வைபோல நீர் படியும். போட்டோவையும் கசற்றையும் இப்படிச் செய்ய வேண்டாம்.

வைக்கும் இடம்: வெளிச்சுவரில் முட்டாத அலுமாரி, கீழ்த்தட்டு நிலத்திலிருந்து அரை அடியாவது உயரம், கூரைத் தகட்டுக்கு நேர் கீழே உள்ள மேல்தட்டு வேண்டாம். கறையான் ஏறாமல் இருக்க இரும்பு அலுமாரி நல்லது. ஆனால் கடற்கரைப் பக்கம் உள்ளே துரு கிளம்பும், தட்டுகளில் வெள்ளைக் கடதாசி விரித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கன்னியா

இரண்டு சின்னக் கேள்வி. பூச்சி உருண்டை போடலாமா? முக்கியமான துண்டுகளை லமினேற் பண்ணினால் என்ன?

பழங்கடதாசி

இரண்டும் வேண்டாம். லமினேற் பண்ணும்போது சூட்டில் உருகிய பிளாஸ்ரிக் நாருக்குள் இறங்குகிறது, திருப்பி எடுக்க முடியாது. கடதாசி உள்ளேயே அமிலத்தில் அரிபட்டுக்கொண்டு இருக்கும். பூச்சி உருண்டையின் ஆவி படுக்கும் அறையில் இருக்கிறவர்களுக்குக் கெடுதல், கடதாசியிலும் மணம் போகாது. நன்றாக உலர்த்திய வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பச்சை இலை மட்டும் வைக்க வேண்டாம், கறை பிடிக்கும். உண்மையில் காப்பாற்றுவது மாதம் ஒருமுறை அலுமாரியைத் திறந்து பார்க்கிற பழக்கம்தான்.

உடைந்துபோகிற நிலையிலுள்ள துண்டுகளை நல்ல வெள்ளைக் கடதாசியில் லேசர் பிரதி எடுத்து, வாசிக்க அந்தப் பிரதியைப் பாவியுங்கள். இங்க்ஜெட் பிரதி ஈரம் பட்டால் கரையும்.

மூதூர்க்கரை

தங்கச்சி, உங்கட வாப்பா எழுதின நாலு குறிப்பும் சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

“77 ஆடி 21” என்றால் 1977 ஜூலை 21, பொதுத்தேர்தல் நாள். எங்கட பக்கத்தில் பழைய ஆட்கள் ஜூலையை ஆடி, ஓகஸ்ட்டை ஆவணி என்றே எழுதுவார்கள், நாள் எண் ஆங்கில மாதத்து நாள்தான். பஞ்சாங்கத்து ஆடி 21 என்று எடுத்தால் ஓகஸ்ட் முதல் கிழமைக்குப் போய்விடுவீர்கள். கொப்பி முழுக்க இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

“விளக்கு / குடம்” 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். அதனால்தான் 1977க்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரி 15. இடையில் பக்கம் இல்லையென்று தேடாதீர்கள், தொலையவில்லை.

“கு.பி.” கும்புறுபிட்டி. 2010 ஏப்ரல் 8 தேர்தலில் அந்த வாக்களிப்பு நிலையத்து வாக்கெடுப்பு செல்லாது என்று ஆக்கி, ஏப்ரல் 20 மறுவாக்களிப்பு நடந்தது. கண்டி மாவட்டத்தில் நாவலப்பிட்டியிலும் அப்படியே. மற்ற மாவட்டங்களின் முடிவு வந்த நாளில் திருகோணமலை மாவட்ட முடிவு வரவில்லை. நீங்கள் ஏப்ரல் 10 அளவில் வந்த பேப்பரை வைத்து வாப்பாவின் எண்ணைச் சரிபார்த்தால் உதைக்கும். 20க்குப் பிந்தின பேப்பரைப் பாருங்கள்.

2004 கூட்டல்: மூன்று தொகுதியையும் கூட்டினால் மாவட்டம் வராது. தபால் மூல வாக்குகள் தொகுதிக்குள் சேர்க்கப்படுவதில்லை, மாவட்டத்துக்கு நாலாவது வரியாகத் தனியே அறிவிக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் அந்த எண் இருக்கும், தேடுங்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. “திருகோணமலை” என்ற சொல்லுக்குக் கொப்பியில் மூன்று பொருள் இருக்கும். 1989 தொடக்கம் மாவட்டம், நாலு ஆசனம். அதற்குள் ஒரு தொகுதியும் அதே பெயர். 1977இல் அது தனி ஆசனம், சம்பந்தன் ஐயா முதன்முறை வென்றது அதில்தான். 1977க்கு முந்தினது வேறு எல்லை, சேருவில அப்போது தனித் தொகுதி இல்லை, 1970இல் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. இரட்டைத் தொகுதியில் ஓர் ஆளுக்கு இரண்டு வாக்கு, ஆகவே வாக்கின் எண்ணிக்கை போட்ட ஆட்களின் எண்ணிக்கையைவிடக் கூடும். 1970 மூதூரை 1977 மூதூரோடு வைத்து “வாக்கு குறைந்துபோனது” என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

உவர்மலை

மூதூர்க்கரை நாநா, மிக்க நன்றி. ஆசனக் கணக்கையும் சொல்லித் தாருங்கள். அப்பா பக்க ஓரத்தில் “÷3” என்று மட்டும் எழுதியிருக்கிறார். நாலு ஆசனத்துக்கு ஏன் மூன்றால் வகுக்கிறார்?

மூதூர்க்கரை

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். 2004 ஏப்ரல் 2 தேர்தலையே எடுப்போம், எங்கட மாவட்டத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

செல்லுபடியான வாக்கு 182,794. அதில் 5 வீதம் 9,139.7. அதற்குக் கீழே எடுத்த கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் கணக்கில் இல்லை. மிஞ்சியது நாலு கட்சி, சின்னத்தால் சொல்கிறேன்:

வீடு (தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு) 68,955
மரம் (முஸ்லிம் காங்கிரஸ்) 65,187
வெற்றிலை (ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 31,053
யானை (ஐக்கிய தேசிய முன்னணி) 15,693

இந்த நாலையும் கூட்டினால் 180,888. முதலாவதாக வந்த கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸாக முதலிலேயே போகிறது, இங்கே வீட்டுக்கு. நாலில் ஒன்று போக மூன்று. அதனால்தான் ÷3. 180,888ஐ 3ஆல் வகுக்க 60,296. இதுதான் ஓர் ஆசனத்தின் விலை.

வீடு 60,296ஐ ஒருமுறை தாண்டுகிறது: ஓர் ஆசனம், மிச்சம் 8,659. மரமும் ஒருமுறை: ஓர் ஆசனம், மிச்சம் 4,891. வெற்றிலையும் யானையும் தாண்டவில்லை, அவர்கள் எடுத்தது முழுவதும் மிச்சம். இன்னும் ஓர் ஆசனம் இருக்கிறது. பெரிய மிச்சம் யாரிடம்? வெற்றிலையிடம், 31,053. அவர்களுக்கு ஒன்று. கடைசியில் வீடு 2, மரம் 1, வெற்றிலை 1.

வீட்டுக்கும் மரத்துக்கும் இடைவெளி 3,768 வாக்கு. அது மறுபக்கம் விழுந்திருந்தால் மரத்துக்கு 2. எங்கட மாவட்டத்தில் முதலிடத்துக்கு ஏன் அவ்வளவு அடிபடுகிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் விளங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. போனஸை மறந்து 180,888ஐ 4ஆல் வகுத்தாலும் 2004க்கு அதே 2, 1, 1தான் வரும். போட்டுப் பாருங்கள்: விலை 45,222, மிச்சங்கள் 23,733, 19,965, 31,053, 15,693. மிஞ்சும் இரண்டு ஆசனம் வெற்றிலைக்கும் வீட்டுக்கும். விடை சரியாக வந்ததால் வழியும் சரியென்று பல பேர் நினைத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் நெருக்கமான நாலுமுனைப் போட்டியில் தெரியும். கற்பனையாக 60,000, 56,000, 54,000, 40,000 என்று எடுங்கள். சரியான முறையில் 3ஆல் வகுக்க 70,000, ஒருவரும் தாண்டவில்லை, மூன்று பெரிய மிச்சத்துக்கு மூன்று ஆசனம், போனஸோடு முதல் கட்சிக்கு 2, அடுத்த இருவருக்கு ஒவ்வொன்று, நாலாவது வெறுங்கை. 4ஆல் வகுத்தால் 52,500, நாலு பேருக்கும் ஒவ்வொன்று என்று பிழையான விடை வரும்.

மற்ற வழமையான பிழைகள்: நிராகரிக்கப்பட்ட வாக்கையும் சேர்த்து 5 வீதம் பார்ப்பது. 5 வீதத்துக்குக் கீழே உள்ளவர்களை நீக்காமல் வகுப்பது. விருப்பு வாக்கை ஆசனக் கணக்குக்குள் கொண்டுவருவது. விருப்பு வாக்கு, ஆளுக்கு மூன்று வரை, கட்சிக்குள் யார் போவார் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.

பென்சில் நிரலுக்கு ஒரு சொல்: பதிவான வாக்காளர் தொகையிலிருந்து தொடங்குங்கள், கட்சி வாக்கிலிருந்து அல்ல. மூன்று தொகுதிக்கும் தனித்தனியே வாக்களிப்பு வீதம் ஊகியுங்கள், நிராகரிப்பைக் கழியுங்கள், தபால் வாக்கைச் சேருங்கள், அதற்குப் பிறகு கட்சிக்குப் பிரியுங்கள். முடிவு வந்ததும் பென்சிலை அழிக்காதீர்கள். எந்தப் படியில் பிழைத்தது என்று பார்க்க அதுதான் வழி.

கன்னியா

சின்னங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் நல்லம். பழைய கொப்பியில் கட்சிப் பெயரே இருக்காது, சின்னம்தான் இருக்கும்.

மூதூர்க்கரை

ஓம், ஆனால் ஆண்டோடு சேர்த்துப் போட வேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2001இல் உதயசூரியனில் கேட்டது, 2004இல் இருந்து வீட்டில். பொதுஜன ஐக்கிய முன்னணி காலத்தில் கதிரை, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு ஆனபோது வெற்றிலை, இப்போதைய மொட்டு (பொதுஜன பெரமுன) வேறு கட்சி. மோசமானது அன்னம்: ஜனாதிபதித் தேர்தலில் 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் சஜித் பிரேமதாச மூவரும் அன்னத்தில் கேட்டவர்கள். ஆண்டு இல்லாமல் “அன்னம்” என்று ஒரு துண்டில் இருந்தால் மூன்றில் எது என்று அடுத்த வரியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

1960ஐயும் கவனியுங்கள். அந்த ஆண்டில் இரண்டு பொதுத்தேர்தல், மார்ச் 19 ஒன்று, ஜூலை 20 மற்றது. தமிழரசுக் கட்சிக்கு முதலாவதில் 15, இரண்டாவதில் 16. “60” என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை வைத்துப் பிரிக்கலாம்.

ஆலங்கேணி

எல்லாரும் வீட்டில் வைத்திருப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் கருத்து வேறு. உப்புக்காற்றும் கறையானும் உள்ள ஊரில், ஒரு வீட்டு அலுமாரியை நம்பி 1956 சுதந்திரன் துண்டை வைத்திருப்பது சரியில்லை. தமிழரசுக் கட்சியின் திருமலை யாத்திரை, 1956 ஓகஸ்ட் 19 மாநாட்டுத் தீர்மானம், இதெல்லாம் இந்த ஊரின் சொத்து. சமஷ்டி, மொழிச் சமத்துவம், மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, குடியேற்றத்தை நிறுத்துவது என்ற நாலு கோரிக்கையும் இங்கே வைத்து எழுதப்பட்டவை. உடனே நூலகத்துக்கோ, எண்ணிமமாக்குகிற நூலக நிறுவனத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.

பழங்கடதாசி

கொடுக்க வேண்டும் என்பதில் உங்களோடு நான் ஒன்று. “உடனே” என்பதில்தான் இல்லை. பட்டியல் இல்லாமல் கொடுத்த பெட்டி எந்த இடத்திலும் பெட்டியாகவே கிடக்கும். முதலில் பட்டியல், பிறகு படம், அதற்குப் பிறகு மூலப்பிரதியைப் பற்றி முடிவு. கொடுக்கும்போது கையெழுத்திட்ட பட்டியலில் ஒரு பிரதியை வாங்கி வைக்க வேண்டும்.

பட்டியலுக்கு எக்செல்லில் ஏழு நிரல் போதும்: எண், திகதி, பேப்பர், பக்கம், தலைப்பு, அப்பாவின் ஓரக்குறிப்பு, நிலை. திகதியை 1956-08-19 என்று ஆண்டு முதலாக எழுதினால்தான் கணினி ஒழுங்காக அடுக்கும். திகதி இல்லாத துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்துப் படக்கொட்டகை விளம்பரம், மரண அறிவித்தல், லொத்தர் முடிவு திகதியைக் காட்டிக்கொடுக்கும். அதனால் பின்பக்கத்தையும் படம் எடுப்பது கட்டாயம். பேப்பர் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தால்: தினக்குரல் 1997இல்தான் தொடங்கியது, அதற்கு முந்தின “தின” தினகரன் அல்லது தினபதி.

ஸ்கேன் 300 டிபிஐ போதும், சின்ன எழுத்துக்கும் போட்டோவுக்கும் 400. ஏ4 நிறப்படம் 300இல் டிஃப் கோப்பாக ஏறத்தாழ 26 எம்பி, 400இல் 46 எம்பி. பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தால் துண்டுக்கு அடியில் கறுப்புக் கடதாசி வையுங்கள், இதை அநேகர் மறக்கிறார்கள். முழுப் பேப்பர் தாள் ஏ4 ஸ்கேனரில் அடங்காது, ஓரங்கள் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி துண்டு துண்டாக எடுத்து இணையுங்கள். கோப்புப் பெயரில் எண் மட்டும் போடுங்கள், தமிழ்ப் பெயர் சில பழைய மென்பொருளில் கட்டம் கட்டமாகிவிடும். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று இன்னொரு வீட்டில்.

எழுத்துணரியில் போட்டு எழுத்தாக்குகிறவர்களுக்கு: பழைய அச்சில் லை, ணை, னை எல்லாம் கொம்பு வைத்த பழைய வடிவம், ணா, றா, னாவும் வேறு வடிவம். மென்பொருள் இவற்றில் தவறும். தலைப்பை மட்டும் கையால் தட்டச்சு செய்வது விரைவு.

ஆலங்கேணி

சரி, பட்டியல் முதலில் என்பதை ஏற்கிறேன். ஆனால் இதையும் சேருங்கள்: கட்சிக் கிளை உறுப்பினர் பட்டியல், கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர், தனிப்பட்ட கடிதங்கள் இருந்தால் அவற்றை வேறாக எடுத்து வையுங்கள். இணையத்தில் போடக்கூடாது, கொடுக்கிற பெட்டியிலும் உரியவர்களின் குடும்பத்தைக் கேட்காமல் வைக்கக்கூடாது. இந்த மாவட்டத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் எவ்வளவு பாரமானது என்று சொல்லித் தெரியத் தேவையில்லை. கட்டுகளில் 80களிலும் 1990ஐ ஒட்டியும் இடைவெளி இருந்தால் அதையும் இடைவெளி என்றே பட்டியலில் எழுதுங்கள். இடம்பெயர்ந்தபோது எரித்ததும் புதைத்ததும் அநேக வீடுகளில் உண்டு. வேறு எங்கிருந்தோ துண்டு தேடி அந்த இடத்தை நிரப்பி அப்பாவுடையதுபோல் ஆக்க வேண்டாம்.

உப்புவெளி

கசற்றுகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தள்ளிப்போட வேண்டாம், கடதாசியைவிட இதுதான் முந்திப் போகும்.

முதலில் வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். அதை பிளேயரில் போடக்கூடாது, மற்றக் கசற்றுகளுக்கும் பரவும். கசற்றின் திறந்த ஓரத்து நடுவில், நாடாவுக்குப் பின்னால், சின்னப் பஞ்சுத் துண்டு செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும், அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். கோது ஸ்குரூ பூட்டியதென்றால் கழற்றி வேறு நல்ல கோதுக்கு நாடாவை மாற்றலாம்.

பிளேயரின் ஹெட்டை ஐசோபுறப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, உலரவிட்டு, கசற்றை ஒருமுறை கடைசிவரை முன்னோட்டி, திரும்பப் பின்னோட்டிவிட்டுப் பதியுங்கள். பல வருடம் ஓடாத நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், நேரே ஓடவிட்டால் இழுபடும். இயர்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு வயர். மடிக்கணினியின் மைக் துளையில் போட்டால் சத்தம் உடையும், யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்று வாங்குங்கள். ஒடாசிற்றி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற், வேவ் கோப்பு. ஒரு நிமிடம் ஏறத்தாழ 10 எம்பி, சி-60 கசற்று இரண்டு பக்கமும் 600 எம்பி. முதற் பதிவில் இரைச்சல் நீக்க வேண்டாம். வெரித்தாஸ், பிபிசி தமிழோசை சிற்றலையில் வந்தவை, இரைச்சலோடு சேர்ந்துதான் குரல் இருக்கிறது, நீக்கினால் சொல்லும் போகும். மூலத்தை அப்படியே வைத்து, பிரதியில் திருத்துங்கள். அறிவிப்பாளர் சொல்கிற திகதியையும் நேரத்தையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள்.

அவைக்குறிப்பு

தங்கச்சி, கொப்பியைத் தொடர்வது என்றால் தேர்தல் ஆண்டில் மட்டும் எழுதுவது போதாது என்பது என் எண்ணம். இரண்டு தேர்தலுக்கு இடையில் நடப்பதுதான் அரசியல், முடிவு அதன் விளைவு. அப்பாவின் வெட்டுத்துண்டுகளில் எந்த விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். காணியா, துறைமுகமா, எண்ணெய்க் குதமா, குளமா? அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் பின்தொடர்கிறேன் என்று தொடங்கினால் மூன்று மாதத்தில் கைவிடுவீர்கள்.

எடுத்த விஷயத்துக்கு ஹன்சாட், அதாவது பாராளுமன்ற உரைகளின் அச்சுப் பதிவு, வாசியுங்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். முதலில் வருவது “பிழை திருத்தப்படாதது” என்று அட்டையில் போட்ட பிரதி, மேற்கோள் எடுக்கும்போது எந்தப் பிரதி என்று குறியுங்கள். உறுப்பினர் பேசிய மொழியிலேயே உரை இருக்கும். 1950களில் தமிழ் உறுப்பினர்களே பலதடவை ஆங்கிலத்தில் பேசினார்கள், ஆகவே பழைய உரையைத் தமிழில் பேப்பர் போட்டிருந்தால் அது பேப்பரின் மொழிபெயர்ப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் எந்தச் சொல் மாறியது என்று தெரியும். பழைய தொகுதிகளுக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. திகதி, தொகுதி எண், பத்தி எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். “1957இல் பேசியது” என்று கேட்டால் ஒரு நாள் முழுக்கப் புரட்ட வேண்டி வரும்.

வழமையாக நவம்பர், டிசம்பரில் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் நடக்கும். எந்த அமைச்சுக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். உங்கள் விஷயத்துக்குரிய அமைச்சின் நாளை மட்டும் பாருங்கள், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நாள்தான். நம் மாவட்டத்து நாலு உறுப்பினரும் அன்றைக்குப் பேசினார்களா, என்ன கேட்டார்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார். இதைக் கொப்பியில் மூன்று வரியில் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே நாளில் பழைய மூன்று வரியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஊர் மட்டத்தில் சபைக் கூட்ட அறிக்கை தேவையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். “எல்லாக் கூட்ட அறிக்கையும்” என்று கேட்காமல், எந்த மாதக் கூட்டம், எந்தத் தீர்மானம் என்று குறித்துக் கேளுங்கள்.

அப்பாவின் கொப்பியில் உங்கள் எழுத்து ஓர் எழுத்தும் போடாதீர்கள், பிழை கண்டாலும். வேறு கொப்பியில் “கொப்பி 7, பக்கம் 22” என்று குறித்து எழுதுங்கள். அப்பா ஒரு கட்சியைச் சார்ந்து எழுதியிருந்தால் அந்தச் சார்பும் அப்படியே இருக்கட்டும். நீங்கள் அதே கட்சிக்காரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவர் எண்ணை மையில் எழுதிய கவனம் இருந்தால் போதும்.

உவர்மலை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கட்டுகள் ஃப்ரீசரில் இருக்கின்றன. கசற்றுகளில் ஒன்றில் வெள்ளைப் பொடி தெரிகிறது, அதை வேறாக வைத்துவிட்டேன்.

நாநா சொன்னதுபோல 2004 பக்கத்தில் தேடினேன். கீழ்மூலையில் மடிப்புக்கு உள்ளே “த.மூ.” (தபால் மூலம்) என்று ஒரு வரி. மடிப்பை விரித்துக் கூட்டினேன், மொத்தம் சரியாக வருகிறது.

அப்பா கடைசியாக எழுதிய பக்கம் 2024 நவம்பர் 14: திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 2, டெலிபோன் (ஐக்கிய மக்கள் சக்தி) 1, வீடு 1. அதற்கு அடுத்த பக்கத்தில் “கிழக்கு மாகாண சபை” என்று தலைப்பும் அடிமட்டம் வைத்து இழுத்த கோடுகளும் இருக்கின்றன, எண் ஒன்றும் இல்லை. என்னுடைய புதுக் கொப்பியில் அதே தலைப்போடு தொடங்கப் போகிறேன். அதற்கும் ஒன்றைக் கழித்துத்தான் வகுக்க வேண்டுமா?

மூதூர்க்கரை

இல்லை தங்கச்சி. 2012 செப்டெம்பர் 8 நடந்த முறைப்படி என்றால், கிழக்குக்கு 37 ஆசனம்: அம்பாறை 14, மட்டக்களப்பு 11, திருகோணமலை 10, மிச்சம் 2 போனஸ். அந்த இரண்டும் மாகாணம் முழுவதிலும் முதலாவதாக வருகிற கட்சிக்குப் போகும், மாவட்டத்தில் போனஸ் கிடையாது. ஆகவே திருகோணமலைக்கு 10ஆலேயே வகுக்க வேண்டும்.

ஆனால் 2017இல் சட்டத்தைத் திருத்திக் கலப்பு முறை கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது, அதோடு தேர்தலும் நின்றது. எந்த முறையில் நடக்கும் என்று வர்த்தமானியில் வருமட்டும் வகுக்கிற எண்ணை எழுத வேண்டாம். மூன்று தொகுதியின் பதிவான வாக்காளர் தொகையை மட்டும் இப்போதே பென்சிலில் போட்டு வையுங்கள், தேருநர் இடாப்பு (வாக்காளர் பட்டியல்) வருடா வருடம் மாறும், பக்கத்தில் இடாப்பு ஆண்டையும் எழுதுங்கள்.